பகலில் ஓடட்டும் பம்புசெட்: சென்னையின் மேற்குப் புறநகர் சொல்லும் மின்சாரக் கணக்கு

பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசை, திருநின்றவூர் பக்கம் போனால், வீட்டுமனைக் கற்களுக்கு நடுவே இன்னும் நெல் வயல்களையும் கீரைப் பாத்திகளையும் பார்க்கலாம். ஏரிப் பாசனம் பல இடங்களில் பேருக்குத்தான் இருக்கிறது. பயிரைக் காப்பாற்றுவது ஆழ்துளைக் கிணறும் அதில் இறக்கிய மோட்டாரும்தான்.

இந்த மோட்டார் ஓடும்போது புகை வருவதில்லை. டீசல் இன்ஜினை ஓரங்கட்டிவிட்டு மின் மோட்டாருக்கு மாறிய நாளிலேயே புகையில்லாத பாசனத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் புகை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வழியாக அது வெளியேறுகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அலகையும், வல்லூரின் 1,500 மெகாவாட்டையும் சேர்த்தால், அங்கு மட்டும் நிலக்கரி மின்திறன் 4,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது. பூண்டியிலிருந்து இறங்கும் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்ப் பகுதியில் படிந்திருக்கும் சாம்பல், இதற்கு மீனவர்கள் கொடுத்துவரும் விலை.

மின்சார உற்பத்தியில் வெளியாகும் கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் தொழிற்சாலைகளும் நகரத்து ஏ.சி.களுமே நினைவுக்கு வரும். கிணற்று மோட்டாருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதைக் குறைக்க எல்லோர் வயலிலும் சூரியத் தகடு நட்டாக வேண்டும் என்றில்லை. மோட்டார் ஓடும் நேரத்தை மாற்றினாலே பாதி வேலை முடியும். அதற்கு அரசும் மின்வாரியமும் சில காரியங்களைச் செய்தாக வேண்டும். அவை என்ன என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

ஒரு மோட்டாரின் புகைக் கணக்கு

5 குதிரைத் திறன் மோட்டார் ஒன்று மணிக்கு 4 முதல் 5 யூனிட் வரை மின்சாரம் எடுக்கும். பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டார் என்றால் இன்னும் கூடும். இந்திய மின் கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதாக மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு சொல்கிறது. அதாவது மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 3 கிலோ. அதே திறனுள்ள டீசல் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகக் குடிக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வாயு. ஆக, நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் மோட்டாரும் டீசல் இன்ஜினும் புகை விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரே தட்டில் நிற்கின்றன. நம் செலவு குறைந்தது உண்மை. வானத்துக்குப் போகும் வாயு பெரிதாகக் குறையவில்லை.

ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால் ஒரு மோட்டாரின் பங்கு சுமார் 3 டன். தமிழகத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் இல்லாததால் பயன்பாட்டை மதிப்பீடாகவே சொல்ல முடிகிறது. எப்படிப் பார்த்தாலும் அது ஆண்டுக்கு 1,000 கோடி யூனிட்டுக்கு மேல். நாட்டுச் சராசரியில் பெருக்கினால் 70 லட்சம் டன் கரியமில வாயு.

இரவு மின்சாரமும் பகல் மின்சாரமும்

கம்பியில் வரும் மின்சாரத்தில் நிலக்கரி எது, சூரியன் எது என்று பிரிக்க முடியாது. ஆனால் எந்த நேரத்தில் எது அதிகம் உற்பத்தியாகிறது என்பது தெளிவாகத் தெரியும். தமிழகத்தின் சூரிய மின்திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை இந்த மின்சாரம் குவிகிறது. சூரியன் மறைந்ததும் அந்த இடத்தை அனல்மின் நிலையங்கள்தான் பெருமளவில் நிரப்புகின்றன. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் இரவிலும் கைகொடுக்கும். மற்ற மாதங்களில் இரவு மின்சாரம் என்றால் பெரும்பாலும் நிலக்கரிதான்.

பகலில் வாங்க ஆளில்லாத நேரத்தில் சூரிய மின் நிலையங்களை உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன வரலாறும் தமிழகத்துக்கு உண்டு. இந்த வழக்கு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வேறு காரணங்களுக்காக இப்படி நிறுத்துவது தவறு என்று கூறி, இழப்பீடு வழங்கும்படி 2021-ல் உத்தரவு வந்தது. ஒரு பக்கம் சூரிய மின்சாரத்தை நிறுத்திவைக்கிறோம். இன்னொரு பக்கம், மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக விவசாயி இரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடக்கிறார். இரண்டும் ஒரே மாநிலத்தில் நடந்தவை.

2021 ஏப்ரல் முதல் விவசாயத்துக்கு 24 மணி நேர மும்முனை மின்சாரம் என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நல்லதுதான். ஆனால் 24 மணி நேரமும் மின்சாரம் இருக்கும்போது ‘ஆட்டோ ஸ்டார்ட்டர்’ போட்ட மோட்டார் எந்த நேரத்திலும் ஓடலாம், தேவையில்லாமலும் ஓடலாம். பயிருக்கு வேண்டியது நாள் முழுக்க வரும் மின்சாரமா, பகலில் எட்டு மணி நேரம் தடையில்லாமல், மின்னழுத்தம் குறையாமல் வரும் மின்சாரமா? இந்தக் கேள்வியை விவசாயிகள் முன்பு வைத்தால், பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் கேட்பார்கள்.

பருவமும் வெயிலும் பொருந்துகின்றன

திருவள்ளூர் மாவட்டத்தின் நெல் பருவங்கள் சொர்ணவாரி, சம்பா, நவரை. மோட்டார் அதிகம் ஓடுவது நவரையிலும் சொர்ணவாரியிலும்தான். அதாவது தை முதல் ஆடி வரை. ஆண்டிலேயே வெயில் நன்றாக அடிக்கும் மாதங்கள் இவை. வானம் மூடியிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் சம்பாவுக்கு மழை நீரும் ஏரி நீரும் கிடைப்பதால் மோட்டாரின் வேலை குறைவு. வெயிலும் இறைப்பும் இப்படிப் பொருந்தி வருவது இந்தப் பகுதிக்குக் கிடைத்த வசதி. குளிர் நாட்டு விவசாயிக்கு இது வாய்க்காது.

கீரை, காய்கறி, பூ சாகுபடிக்கும் இது பொருந்தும். காலை எட்டு மணிக்கு மேல் தொடங்கி நண்பகலுக்குள் பாய்ச்சி முடித்துவிட முடியும். நடுப்பகல் வெயிலில் பாய்ச்சத் தயங்குபவர்கள், பகலில் தொட்டியிலோ சிறு பண்ணைக் குட்டையிலோ நீரை ஏற்றி வைத்து, மாலையில் மோட்டார் இல்லாமலே பாய்ச்சலாம். மின்சாரத்தைப் பேட்டரியில் சேமிப்பதைவிடத் தண்ணீரைத் தொட்டியில் சேமிப்பது மலிவு.

மூன்று வழிகள், மூன்று சிக்கல்கள்

வேளாண் மின்சாரத்தைச் சுத்தமாக்க மத்திய அரசு 2019-ல் பி.எம். குசும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2022 வரை என்றிருந்த திட்டம் பின்னர் 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. அதில் மூன்று பிரிவுகள் உண்டு. மேற்குப் புறநகரின் நிலைமையில் வைத்து ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

முதலாவது, விவசாயியின் தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின் நிலையம் அமைத்து, அருகிலுள்ள துணை மின்நிலையத்துக்கு மின்சாரம் விற்பது. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். ஆவடி, பூந்தமல்லி வட்டங்களில் நிலத்தின் விலையை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இது பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்து மானாவாரி நிலங்களுக்கு ஏற்ற வழி.

இரண்டாவது, மின் இணைப்பு இல்லாத கிணறுகளுக்குத் தனித்து இயங்கும் சூரிய பம்புசெட். தமிழகத்தில் வேளாண் பொறியியல் துறை இதை மானியத்தில் அமைத்துத் தருகிறது. பொது மானியம் 60 சதவீதம். ஆதிதிராவிடர், பழங்குடியினரைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் சலுகை உண்டு. 5 குதிரைத் திறன் பம்புக்கான தகடுகளுக்கு ஒரு சென்ட்டுக்குச் சற்று அதிகமான இடம் போதும். இலவச மின் இணைப்புக்கு ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் சூரிய பம்பு வாங்கினால் தங்கள் மூப்பு உரிமையைத் துறக்க வேண்டியதில்லை. முறை வரும்போது பம்பை மின் கட்டமைப்போடு இணைக்கச் சம்மதம் என்று உறுதிமொழி தந்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. இன்னும் டீசல் இன்ஜினோடு போராடுபவர்களுக்கு இது நல்ல வழி. சிக்கல்களும் உண்டு. பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பினால் தகட்டில் நிழல் விழும். வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் வயலில் தகடு களவு போகும் பயம் இருக்கும். 2016-ன் வர்தா புயலைப் பார்த்த பகுதி இது. தகடுகளைத் தாங்கும் கம்பங்களின் அடித்தளம் உறுதியாக இல்லாவிட்டால் அத்தனையும் பறந்துவிடும்.

மூன்றாவது, ஏற்கெனவே மின் இணைப்புள்ள மோட்டார்களைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவது. இதைக் கிணறு கிணறாகவும் செய்யலாம், அல்லது துணை மின்நிலையத்திலிருந்து விவசாயத்துக்கு மட்டும் செல்லும் மின்பாதையை, அதாவது ஃபீடரை, மொத்தமாகவும் மாற்றலாம். மகாராஷ்டிரம் 2017 முதல் இந்த ஃபீடர் வழியில்தான் போகிறது. துணை மின்நிலையத்துக்கு அருகே சூரிய மின் நிலையம் அமைத்து, விவசாயத்துக்குப் பகல் மின்சாரம் தருவதே அதன் நோக்கம். இரவு மின்சாரத்தால் பட்ட அவதியிலிருந்து விடுபட விவசாயிகள் எழுப்பிய கோரிக்கையே அதற்கு வேர்.

நம் பகுதிக்கு இந்த மூன்றாவது வழிதான் பொருத்தம். இங்கு நிலம் கிடைக்காது, ஆனால் கூரை கிடைக்கும். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியின் தொழிற்சாலைகளும், திருமழிசை, செங்குன்றம் சாலைகளை ஒட்டிய கிடங்குகளும் கொண்டிருக்கும் தகரக் கூரைகளைக் கவனியுங்கள். சுமார் ஒரு லட்சம் சதுர அடிக் கூரை ஒரு மெகாவாட் தரும். ஆண்டுக்கு 14 லட்சம் யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். நாம் போட்ட கணக்குப்படி இது ஏறத்தாழ 300 மோட்டார்களின் தேவை. தொழிற்சாலை தன் தேவை போக மீதியைத் தரலாம், விடுமுறை நாளில் முழுவதையும் தரலாம். ஒரு காலத்தில் அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளின் பாசனத்தில் நெல் விளைந்த மண்ணில்தான் பல கூரைகள் நிற்கின்றன. அந்தக் கூரைகள் மிச்சமிருக்கும் வயல்களுக்குப் பகல் மின்சாரம் தருவது நியாயமும்கூட. ஆனால் கூரை சூரிய மின்சாரத்துக்கு விதிக்கப்பட்ட கட்டமைப்புக் கட்டணத்தைச் சிறு தொழில்துறையினர் எதிர்த்து, 2023-ல் அரசு அதைக் குறைக்க நேர்ந்தது. கூரை மின்சாரத்தைச் சுமையாகப் பார்க்கும் மனநிலையிலிருந்து மின்வாரியம் வெளியே வராமல் இது நடக்காது.

தண்ணீர் என்னும் இன்னொரு கணக்கு

சூரிய பம்பு பற்றிப் பேசும் பலர் ஒன்றைச் சொல்வதில்லை. வெயில் இருக்கும்வரை செலவில்லாமல் ஓடும் பம்பு, நிலத்தடி நீரையும் செலவில்லாமல் உறிஞ்சும். இந்தப் பகுதிக்கு இது சாதாரண எச்சரிக்கையல்ல. சென்னையின் குடிநீருக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து பல பத்தாண்டுகள் நீர் எடுத்ததில், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உட்புகுந்தது. 2019 வறட்சியில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து நகரத்துக்கு லாரிகளில் தண்ணீர் போனது. வயலுக்குப் பாய்ச்சுவதைவிட லாரிக்கு ஏற்றுவதில் காசு அதிகம் என்ற நிலை வந்தால், சுத்தமான மின்சாரமே கிணற்றை வற்றவைக்கும் கருவியாகிவிடும். புகை குறைந்து, பயிர் செய்ய நீரில்லாமல் போனால் யாருக்கு லாபம்?

இதற்குக் குஜராத்தில் ஒரு விடை இருக்கிறது. கேடா மாவட்டத்தின் துண்டி கிராமத்தில் 2016-ல் சில விவசாயிகள் சேர்ந்து சூரிய பம்பு கூட்டுறவு அமைத்தார்கள். பயிருக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை யூனிட்டுக்கு 4.63 ரூபாய் என்ற விலையில் மின் நிறுவனத்துக்கு விற்க 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். மோட்டாரை நிறுத்தினால் வருமானம் என்ற நிலை வந்ததும் தண்ணீருக்கும் மதிப்பு வந்தது. பஞ்சாப் 2018-ல் வேறு வழியில் போனது. அங்கு விவசாயத்துக்கு இலவச மின்சாரம் அப்படியே இருக்கிறது. ஒரு வரம்புக்குள் பயன்படுத்தி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாயை விவசாயியின் கணக்கில் செலுத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம். தமிழகத்தின் நிலைமைக்கு இது இன்னும் நெருக்கமானது.

இலவச மின்சாரம் பறிபோகுமா?

மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழக விவசாயிக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் அனைத்து விவசாயிகளுக்கும் கிடைத்த இலவச மின்சாரம் அப்படிப் போராடிப் பெற்ற உரிமை. ‘பசுமை’ என்ற பெயரில் அதைப் பறிக்க வருகிறார்களோ என்ற சந்தேகத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

பகல் மின்சாரத்துக்கு மாற, கிணற்றில் மீட்டர் மாட்டத் தேவையில்லை என்பதைத்தான் அரசு தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃபீடரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் மீட்டர் வைத்தாலே மொத்தக் கணக்கு வந்துவிடும். மிச்சம் பிடித்துப் பணம் பெற விரும்புபவர் மட்டும் தன் கிணற்றில் மீட்டர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த மின் நுகர்வோர் விதிகளில், சூரிய ஒளி நேரத்தில் கட்டணத்தைக் குறைத்தும் உச்ச நேரத்தில் கூட்டியும் வசூலிக்கும் முறையிலிருந்து விவசாயத்துக்கு விலக்கு தரப்பட்டுள்ளது. எனவே கட்டணத்தைக் காட்டிப் பயமுறுத்தாமல், பகலில் தரமான மின்சாரம் தந்தே விவசாயியை மாற்ற முடியும்.

இதில் மின்வாரியத்துக்கும் லாபம் உண்டு. தமிழகத்தின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாலையிலும் முன்னிரவிலும் மின்சாரம் போதாமல் வெளிச்சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஓடும் பம்புசெட்களைப் பகலுக்கு நகர்த்தினால் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை விவசாயிக்குத் தருவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இப்போதே செய்யக்கூடியவை

அரசு முடிவெடுக்கும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன.

ஒன்று, ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, செல்போனிலிருந்து மோட்டாரை இயக்கி நிறுத்தும் கருவியைப் பொருத்துங்கள். இதற்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. காலை ஒன்பது முதல் மாலை நான்குக்குள் இறைப்பை முடிப்பதைப் பழக்கமாக்குங்கள்.

இரண்டு, பத்தாண்டுக்கு மேலான, அடிக்கடி காயில் எரியும் மோட்டாரை மாற்றுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குப் புதிய மோட்டார் வாங்கவும் மானியம் கிடைக்கிறது. மின்சாரம் இலவசம் என்பதால் பழைய மோட்டாரின் விரயம் நம் கண்ணில் படுவதில்லை. நீர் வர எடுக்கும் நேரத்தில் அது தெரிந்துவிடும்.

மூன்று, நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுங்கள். இந்த முறையில் நீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் கணிசமாகக் குறையும் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அனுபவம். மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. மோட்டார் ஓடும் நேரமும் அதே அளவில் குறையும். டி.கே.எம். நெல் ரகங்களைத் தந்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆவடிக்கு மேற்கே பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் மண்ணுக்கு எத்தனை நாள் காயவிடலாம் என்று அங்கேயே கேட்கலாம்.

நான்கு, சூரிய பம்புக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் குறுவட்டம் நிலத்தடி நீர் வகைப்பாட்டில் எந்தப் பிரிவில் வருகிறது என்று வேளாண் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். நீர் மிகுதியாக உறிஞ்சப்பட்ட குறுவட்டம் என்றால், தகட்டுக்குப் போடும் பணத்தில் ஒரு பகுதியைச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் எந்தெந்தக் கிணறுகள் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் சேர்ந்திருக்கின்றன, எந்தப் பருவத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகின்றன என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்த விவசாயிகள் கூடிப் பேசி, பகலிலேயே முறை வைத்து ஓட்டிக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டு மின்னழுத்தம் சரிந்து காயில் எரிவது அதனால் தவிர்க்கப்படும். ஃபீடரைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுங்கள் என்று கிராம சபையில் கோரிக்கை வைக்கவும் அந்தப் பட்டியலே ஆதாரம்.

2030-க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாததாக இருக்க வேண்டும் என்ற இலக்கை இந்தியா 2025-லேயே எட்டிவிட்டது. திறன் பாதியை எட்டினாலும், உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியுடையதுதான். தகடு இருந்தும் அந்த மின்சாரத்தை உரிய நேரத்தில் பயன்படுத்தாதது அதற்கு ஒரு காரணம். அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நம் பம்புசெட்கள் நிரப்ப முடியும். பகலில் தடையில்லாத மும்முனை மின்சாரம், இலவசத்தில் கைவைக்க மாட்டோம் என்ற எழுத்துபூர்வ உறுதி, மிச்சம் பிடிப்பவருக்குப் பணம். இந்த மூன்றையும் அரசு தந்தால், அத்திப்பட்டில் புகையும் குறையும், பூந்தமல்லியில் கிணற்று நீரும் தங்கும்.